செங்கரட்டுத் தண்ணீர்

செங்கரடு,
18-4-1982

அன்புத் தம்பி ராசாங்கத்துக்கு அக்கா அம்சவள்ளி எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நாங்கள் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் தனமும் எப்படி இருக்கிறீர்கள்? கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள், அவளுக்கு வாந்தி நின்றதா? மசக்கைக்காரிக்கு நார்த்தங்காய் ஊறுகாய் நல்லது. ஒரு சின்ன ஜாடியில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஊறுகாயோடு நம் தெரு செல்லக்கண்ணு ஒரு பாட்டிலும் தருவான். கொத்து வேலைக்கு மெட்ராஸ் வருகிறவனிடம்தான் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீர். சிரிக்காதே, மேலே படி.

செத்துப்போன நம் தாய்மாமன் தன் மகள் வேம்புவுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த முப்பது சென்ட் நிலம் கரட்டுப் பாறை அடியில் இருக்கிறதல்லவா, அங்கே அவர் பாறையை உடைத்து எடுத்த ஊற்றுத் தண்ணீர்தான் இது. அரியலூரில் ஓட்டல் வைத்திருக்கும் வேணுகோபால் என்பவர் போன மாதம் விறகு வாங்க வந்தபோது அங்கே குடித்திருக்கிறார். டவுன் தண்ணீர் உனக்குத் தெரியும், சுண்ணாம்பு. குண்டானில் வெள்ளையாகப் படை கட்டும், எவ்வளவு விறகு வைத்தாலும் பருப்பு வேகாது. இந்தத் தண்ணீரை ரெண்டு குடம் கொண்டுபோய்ச் சமைத்துப் பார்த்துவிட்டு, உன் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "அரியமுத்து, நீ வண்டி மாடு வச்சிருக்க. தெனம் இந்தத் தண்ணிய கொண்டாந்து ஊத்து, காசு தரேன். ஆனா குடிக்கிற தண்ணிதானான்னு எங்கயாச்சும் ஒரு பரிச்ச பண்ணிக் காயிதம் குடு. நாளைக்கு ஆபீஸ்காரன் வந்து நின்னா நான் என்ன காட்டுறது?"

வேம்புவின் வீட்டுக்காரர் பாவாடை குவாரித் தூசியில் நெஞ்சு அடைத்துப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அந்தக் கவலையில் இருக்கிறவர்களிடம் இதைப் போய்ச் சொல்வானேன் என்று இருந்துவிட்டோம். நீ விசாரித்து எழுது.

வெயிலில் அலையாதே. மோர் குடி.

உன் அக்கா,
அம்சவள்ளி


சென்னை,
9-5-1982

அக்காவுக்கும் மச்சானுக்கும் ராசாங்கத்தின் வணக்கம். ஊறுகாய் ஜாடி ஒரே வாரத்தில் காலி. தனம் இப்போது ரசம் சாதம் சாப்பிடுகிறாள். ஆவணியில் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆபீசில் என் பக்கத்து மேசை நடராசனின் தம்பி தண்ணீர் சோதிக்கும் இடத்தில் வேலை செய்கிறார். அவரிடம் பாட்டிலைக் கொடுத்தேன். நேற்றுக் காகிதம் வந்தது. கூடவே நடராசனும் வந்து, "எந்த மலைத் தண்ணி சார் இது? மெட்ராசுல காசு குடுத்தாலும் கெடைக்காது" என்றார். சுண்ணாம்பு இல்லை, உப்பு இல்லை, கிருமி இல்லை. காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

இனி நான் எழுதுவதை நிதானமாகப் படி. இப்படி ஒரு காகிதம் வந்தது யாருக்கும் தெரியக் கூடாது. ஊற்று நம் நிலத்தில் இல்லை. விஷயம் வெளியே போனால் அந்த முப்பது சென்ட்டுக்கு நூறு பேர் வருவார்கள். முதலில் எழுதி வாங்குங்கள். பேச வேண்டியதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். வேம்புவுக்கும் அது வெறும் பாறைதானே, எள்ளுகூட விளையாது.

அவளுக்கு நானே நாலு வரி எழுதி விவரம் சொல்லலாமா என்று ஒருநாள் தோன்றியது. இன்லேண்டு லெட்டர்கூட எடுத்து வைத்தேன். நான் எழுதினால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு.

மச்சானின் முதுகுவலிக்குத் தைலம் வாங்கியிருக்கிறேன், செல்லக்கண்ணு திரும்பும்போது தருகிறேன்.

அன்புடன்,
ராசாங்கம்


செங்கரடு,
27-6-1982

என் தம்பிக்கு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். செவலைக் காளைக்குக் கழுத்துப் புண் ஆறிவிட்டது. எனக்குத்தான் நாலு நாளாகத் தலை கனத்துக் கிடக்கிறது, வேறொன்றும் இல்லை.

போன புதன்கிழமை அரியலூர் ரிஜிஸ்தர் ஆபீசில் பத்திரம் முடிந்தது. பாவாடை ரத்தமாகத் துப்ப ஆரம்பித்துவிட்டார். திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வேம்பு கை பிசைந்துகொண்டு நின்றாள். உன் மச்சான் தானாகப் போய், நிலத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றார். பாறைக்கு என்ன விலையோ அந்த விலை.

கைநாட்டு வைத்துவிட்டு, மை துடைக்க எதுவும் இல்லாமல் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும், "அதுல என்ன வெள்ளாம வைக்கப் போறீங்க, மதினி?" என்று கேட்டாள். பதில் சொன்னோம். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டோம்.

அன்றைக்கு ராத்திரியே அவர்கள் திருச்சிக்குப் போய்விட்டார்கள். பிள்ளை பொன்னம்மாளை நம் வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம் மதினி என்று கூட்டிப்போய்விட்டாள்.

தனத்தை மாடிப்படி ஏற விடாதே.

அம்சவள்ளி


சென்னை,
12-9-1982

அத்தையாகிவிட்ட அக்காவுக்கு! ஆவணி பதினெட்டாம் தேதி ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நலம். மூக்கு நம் அப்பா மூக்கு. இரண்டு வீட்டுக்காரர்களும் பெயருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டதாகச் செல்லக்கண்ணு சொன்னான். இரும்பு டிரம்மில் ஊற்றாதீர்கள், துருப்பிடித்துக் கெட்ட பெயர் வரும். நீலப் பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள். வாயில் வெள்ளைத் துணி கட்டி, தினமும் துவைத்துப் போடுங்கள்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாயே. தனத்தின் வீட்டில் நீங்கள் தண்ணீர் விற்பதைச் சொல்லவில்லை. மச்சான் விவசாயம் பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாமனார் ஒருநாள் பேச்சுவாக்கில், "தாகத்துக்குத் தண்ணி குடுக்கிறதுக்கு எவனாச்சும் காசு வாங்குவானா?" என்றார். நான் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். இங்கே மெட்ராசில் லாரித் தண்ணீருக்கு அவரே காசு கொடுக்கிறார். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பாவாடைக்கு எப்படி இருக்கிறது? வேம்பு ஊருக்குத் திரும்பிவிட்டாளா? மறக்காமல் எழுது.

ராசாங்கம்


செங்கரடு,
15-11-1982

என் மருமகனுக்கு ஆயிரம் முத்தம். அவன் காலுக்குத் தண்டை செய்யச் சொல்லியிருக்கிறேன். உனக்குத் தூக்கம் கெட்டிருக்கும், பகலில் கொஞ்சம் கண் அசந்துகொள்.

இங்கே ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. வெங்காயம் போட்டவர்கள் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். தெருக் கிணற்றில் சேறுதான் வருகிறது. ஊற்று மட்டும் அப்படியே இருக்கிறது, ஒரு விரல்கடைகூடக் குறையவில்லை.

விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து நானும் உன் மச்சானும் நாலு டிரம் நிரப்புகிறோம். ஓட்டலுக்கு இரண்டு, டீக்கடைகளுக்கு ஒன்று, மீதி சிமெண்ட் ஆலைக் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு. ஒரு என்ஜினியர் வீட்டம்மா, "ஒங்க தண்ணில சோப்பு நொரைக்குதுங்க!" என்று பிள்ளைபோல் கையைத் தட்டிச் சிரித்தாள். வேணுகோபால் ஓட்டல் சாம்பாருக்கு இப்போது பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறதாம்.

அவர் ஒன்று மட்டும் சொன்னார். "வண்டிய பின்பக்கமா கொண்டா, அரியமுத்து. எந்தத் தெரு தண்ணின்னு எவன் கேட்டாலும் வாயத் தொறக்காத. நான் மலத்தண்ணின்னு சொல்லி வச்சிருக்கேன்." சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். 

ஆடு மாடு, ஆட்கள் எல்லாம் இறங்கித் தண்ணீரைக் கலக்குகிறார்கள் என்று ஊற்றைச் சுற்றிக் கருவேல முள் அடைத்துவிட்டார் உன் மச்சான்.

குழந்தைக்குத் தலை நிற்க ஆரம்பித்ததும் எழுது.

அம்சவள்ளி


சென்னை,
10-1-1983

அக்கா, மச்சான் இருவருக்கும் பொங்கல் வாழ்த்து. பிள்ளை சிரிக்கிறான். காய்ச்சல் ஒன்று வந்து போனது, பயப்படாதே.

பின்பக்கமாக வரச் சொன்னதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நம் கை பட்டது தெரிந்தால் அந்தச் சாம்பார் கசந்துவிடுமா? ஆனால் நானும் என் மாமனாரிடம் அதைத்தானே செய்கிறேன் என்று நினைத்ததும் கோபம் போய்விட்டது. கோபம் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது அதைவிட மோசமாக இருந்தது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என்ஜினியர் வீட்டம்மா இருக்கிறாள், ஓட்டல்காரர் இருக்கிறார், மருமகனின் தண்டை இருக்கிறது. வேம்புவின் பெயர் இல்லை. நான் கேட்டிருந்தேனே. வேலை அசதியில் மறந்திருப்பாய். இந்த முறை எழுது. பாவாடை எப்படி இருக்கிறார்?

ராசாங்கம்


செங்கரடு,
20-3-1983

தம்பிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சௌகரியம். இரண்டாவது வண்டி வாங்கியிருக்கிறோம். கார்டில் இடமும் இல்லை, எழுத நேரமும் இல்லை. மருமகனைக் கண்ணுக்குள்ளே வைத்துப் பார்த்துக்கொள்.

அம்சவள்ளி


சென்னை,
6-5-1983

அக்காவுக்கு.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கும் சுகமே.

நேற்றுச் செல்லக்கண்ணு வீட்டுக்கு வந்தான். தனம் காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, "வேம்பக்கா வூட்டுக்காரரு செத்து ஆறு மாசம் ஆச்சே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றான். தனம் என் முகத்தைப் பார்த்தாள். தெரியும் என்றேன். அதற்குமேல் அவன் சொன்னதையெல்லாம் தெரிந்தவன்போலவே தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்ததும் பாவாடை இறந்தார். தெருக்காரர்கள் ஊற்றில் தண்ணீர் எடுத்தால் குடத்துக்கு நாலணா. வேம்புவும் பொன்னம்மாளும் அரை மைல் நடந்து, கல் வெட்டிப் போட்ட குவாரிக் குழியில் இறங்கிப் பாசி படிந்த தண்ணீர் சுமக்கிறார்கள். தை மாதம் அந்தப் பிள்ளை வாந்திபேதியில் பிழைத்ததே பெரிது.

இதெல்லாம் உண்மையா? உண்மை என்றால், வேம்புவிடம் காசு கேட்டது யார்? அவள் அப்பா பாறையை உடைத்துக் கொண்டுவந்த தண்ணீர் அக்கா அது. நம் அம்மா உயிரோடு இருந்தால் உன் முகத்தில் விழிப்பாளா?

பதில் எழுது.

ராசாங்கம்


செங்கரடு,
19-5-1983

ராசாங்கத்துக்கு. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் மூவரையும் சாமி காப்பாற்றட்டும்.

எல்லாம் உண்மைதான். நீ கேட்டபோதெல்லாம் நான் மறக்கவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அவள் பெயரை எழுதத்தான் உட்கார்ந்தேன். "வேம்பு" என்று எழுதிவிட்டால் அடுத்த வரி என்ன எழுதுவது என்று தெரியாமல் டிரம்மையும் சோப்பையும் எழுதினேன்.

பாவாடைக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். விடியும் நேரம். உன் மச்சான் முள்படல் வாசலில் நின்று காசு வாங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே டிரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். வேம்பு குடத்தோடு வந்து நின்றாள். வெறும் நெற்றி. அவர் அவளைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருத்திக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும் என்று நினைத்திருப்பார். தரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாருக்கும் ஒரே சட்டந்தான் புள்ள. நாலணா" என்றார்.

அவள் அவரை விட்டுவிட்டுப் படலுக்கு மேலாக என்னைப் பார்த்து, "கொடத்துக்கு எவ்வளவு, மதினி?" என்று கேட்டாள்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கடையில் உப்பு விலை கேட்கிற மாதிரி கேட்டாள். நான் நிமிரவில்லை. மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன். டிரம் நிறைந்து வழிந்து என் கால் இரண்டும் நனைந்தது, அப்போதும் ஊற்றினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குவாரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். "வா வேம்பு" என்று இரண்டே வார்த்தை. என்னால் முடியவில்லை. கூப்பிட்டிருந்தால் அதற்கு முன்னால் செய்ததையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அதையும் எழுதிவிடுகிறேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் என்ன வெள்ளாமை என்று அவள் கேட்டாளே, பதில் சொன்னோம் என்று எழுதியிருந்தேன். உன் மச்சான் வாயைத் திறக்கவில்லை. சொன்னது நான். "கத்திரி போடலாம்னு இருக்கோம்" என்றேன். சோதனைக் காகிதம் அப்போது என் இடுப்புச் சுருக்குப் பைக்குள் மடித்து இருந்தது.

அம்மா என் முகத்தில் விழிப்பாளா என்று கேட்டாய். விழிக்க மாட்டாள். ஆனால் தம்பி, நீ கிழிக்கச் சொன்ன கடிதத்தை நான் கிழிக்கவில்லை, டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. "முதலில் எழுதி வாங்குங்கள். பேச வேண்டியதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்." உன் கையெழுத்து மணி மணியாக இருக்கிறது. உன்மேல் பழி போடுவதற்காக வைத்திருக்கவில்லை. தனியாகச் செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காக வைத்திருந்தேன். அதுவும் உதவவில்லை.

பிள்ளைக்கு எட்டாம் மாதம் இட்லி கொடுக்கலாம், பயப்படாதே.

அம்சவள்ளி


செங்கரடு,
12-7-1983

மெட்ராஸ் ராசாங்கம் அவர்களுக்கு, வேம்பு சொல்லச் சொல்ல அவள் மகள் பொன்னம்மாள், எட்டாம் வகுப்பு, எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய மணியார்டரைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். கடிதத்தை மகள் படித்துக் காட்டினாள். மன்னிக்கச் சொல்லி ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்றாள்.

தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எங்களுக்குத் தெரியாமல் எழுதி வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. எங்களுக்குத் தெரியும். ஓட்டல்காரர் விறகு வாங்க வந்த அன்றைக்கே எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார். எங்களிடம் வண்டி இல்லை, மாடு இல்லை, வீட்டுக்காரரால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. நான்தான், "எங்க மதினி வூட்டுல வண்டி இருக்கு, போயி கேளுங்க" என்று கை காட்டினேன்.

பிறகு ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிலத்தைக் கேட்டு வந்தார்கள். வெளியாளுக்குக் கொடுத்திருந்தால் கூடுதலாகப் பணம் வந்திருக்கும். மதினிக்குக் கொடுத்தால் தண்ணீர் வீட்டை விட்டுப் போகாது என்று கொடுத்தேன்.

ரிஜிஸ்தர் ஆபீசில் என்ன வெள்ளாமை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. சொல்லுவார்களா என்று பார்க்கத்தான் கேட்டேன். சொல்லியிருந்தால் அந்த விலைக்கே கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன்.

வேறு ஒன்றும் இல்லை. உங்கள் மகனுக்கு என் ஆசி.

வேம்பு (கைநாட்டு)


சென்னை,
30-7-1983

அக்கா, நீயும் மச்சானும் நலமா? வேம்புவின் கடிதத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். இரண்டு வாரம் என்னிடமே வைத்திருந்தேன். உன்னைவிட அதிகமாக நான்தான் அதைப் படிக்க வேண்டியவன்.

நான் பி.யூ.சி. படித்தபோது மாமா கம்பு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு ஹாஸ்டலுக்கு வருவார். "படிச்சு முடிச்சுட்டு வாங்க மாப்ள" என்பார். மாப்பிள்ளை என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் எனக்கும் தெரியும், வேம்புவுக்கும் தெரியும். வேலை கிடைத்ததும் நான் வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினேன். போன வருஷம் இன்லேண்டு எடுத்துவிட்டு எழுதாமல் விட்டதும் அதே பழக்கம்தான்.

சென்ற ஞாயிறு மாமனாரிடம் என் அக்கா தண்ணீர் விற்கிறாள் என்று சொன்னேன். ஏதோ பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அப்படியா" என்றார். இதைச் சொல்லவா இத்தனை மாதம் ஆயிற்று என்று இருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. போன முறை நான் யோசனை சொன்னதே போதும்.

ராசாங்கம்


செங்கரடு,
28-12-1983

அன்புத் தம்பிக்கு. ஏழு மாதமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மருமகன் நடக்கிறானாமே, படிக்கட்டில் கவனம்.

வேம்புவின் கடிதத்தை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மறுநாள், பாதி நிலத்தை அவள் பேருக்கு எழுதிக் கொடுப்போம் என்றேன். "வண்டி என்னுது, மாடு என்னுது, முதுகு ஒடிஞ்சது என்னுது" என்று கத்தினார். அதுவும் பொய்யில்லை. அப்படியானால் நான் இனி ஊற்றில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது நாள் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டினார். பத்தாம் நாள் காலையில் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்பு" என்றார்.

வேம்பு வீட்டு வாசலில் இரண்டு பேரும் நின்றோம். உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. "கத்திரின்னு சொன்னது நான்தான் வேம்பு" என்று மட்டும் வந்தது. அதற்குமேல் அழுகை. அவள் அழ விட்டாள். கையைப் பிடிக்கவில்லை, முந்தானை நீட்டவில்லை. நான் முடித்த பிறகு சொன்னாள்:

"பாதி எழுதிக் குடுங்க, வாங்கிக்கிறேன். எங்கப்பன் ஒடச்ச பாறை, எனக்கு வேணும். ஆனா மன்னிச்சுட்டேன்னு என் வாயால சொல்லச் சொல்லாதீங்க. அது பத்திரத்துல வராது."

தை பிறந்ததும் வரும் நல்ல நாளில் ரிஜிஸ்தர். அதற்குள்ளேயே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். முதல் நாளே அருவாளை எடுத்து முள்படலை அறுத்துப் போட்டாள். பொழுது கிளம்பும்வரை தெருவுக்குக் காசில்லாமல், அதற்கப்புறம்தான் டிரம்முக்கு என்று அவளே சட்டம் போட்டாள். 

ஓட்டலுக்கு அவளும் வண்டியில் வந்தாள். பின்பக்கம் திருப்பப் போன மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தி, முன்வாசலில் வண்டியை விட்டு இறங்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேணுகோபால் ஓடி வந்து, "என்னம்மா இது?" என்றார். "தண்ணி வந்துருக்குங்க. யாரு தண்ணின்னு கேட்டா செங்கரட்டு வேம்பு தண்ணி, அம்சவள்ளி தண்ணின்னு சொல்லுங்க. சொல்ல முடியலன்னா பருப்ப வேற தண்ணில வேக வச்சுக்குங்க" என்றாள்.  அவர் அவளையும் டிரம்மையும் பார்த்துவிட்டு, "எறக்கு, எறக்கு, ஒலை கொதிக்குது" என்று உள்ளே போய்விட்டார். இரண்டு டீக்கடை நம்மை நிறுத்திவிட்டது. நிறுத்தட்டும்.

ஊற்றடியில் நாங்கள் எதிரெதிரே நின்றுதான் மொள்ளுகிறோம். டிரம், கயிறு, சக்கரத்துக்கு எண்ணெய் என்று எல்லாம் பேசுகிறாள். வேறு எதுவும் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. சில நாள் அவள் கை என் கையில் இடிக்கும்போது எனக்குத்தான் முகம் சுடுகிறது.

பொங்கலுக்கு வரலாமா என்று கேட்டு நீ எழுதிய கார்டு வந்தது. வா என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இன்று காலையில் அவளிடமே கேட்டேன். "ராசாங்கம் பொஞ்சாதி புள்ளையோட வரணுங்கறான் வேம்பு. நான் என்ன எழுதறது?"

குடத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, சும்மாடு சரிசெய்தபடி சொன்னாள்: "வரட்டும். தூரத்துலேருந்து வர்றவங்க. வந்ததும் தண்ணி குடுக்காமயா இருப்பேன்?"

அப்படியே எழுதிவிட்டேன். கிளம்பி வா.

அம்சவள்ளி